கணக்கில் வராத சிலிண்டர்

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. மெக்கானிகல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் டீசல் இன்ஜின்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்து டபிள்யூ.டி.எம்.-2 இன்ஜினுக்குப் பதினாறு சிலிண்டர், 2600 குதிரைச் சக்தி. பழுது பார்த்து முடித்ததும் லோடு பாக்ஸில் மாட்டி, எட்டு நாட்ச் வரை ஏற்றிப் பார்த்து, அளவுகள் சரியாக இருந்தால்தான் ஷெட்டை விட்டு வெளியே விடுவோம். "நன்றாக ஓடுகிறது" என்று எவன் சொன்னாலும் நம்ப மாட்டோம். மீட்டர் என்ன சொல்கிறது என்றுதான் கேட்போம். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

காஸியாபாத் பக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெரிய டீசல் ஜெனரேட்டர் உண்டு. கரண்ட் போனால் லிஃப்டும் தண்ணீர் பம்பும் அதில்தான் ஓட வேண்டும். சென்ற அக்டோபரில் ஒரு மெக்கானிக் வந்தார். இன்ஜின் காற்று உறிஞ்சும் குழாயில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி எல்.பி.ஜி. வாயுவைக் கலந்தால் டீசல் செலவு மூன்றில் ஒரு பங்கு குறையும், சக்தியும் கூடும், இன்னொரு லிஃப்டையும் சேர்த்து ஓட்டலாம் என்றார். கருவியும் கூலியும் ஒரு லட்சத்துக்கு மேல். செயற்குழுவில் அநேகமாக எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். நான்தான் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொன்னேன்.

நான்கு சிலிண்டர்களை வரிசையாக இணைத்து ஓட்டிக் காட்டினார். வழக்கமாக மணிக்குப் பதினேழு லிட்டர் குடிக்கும் இன்ஜின், அன்று அதே லோடில் பதினொரு லிட்டர்தான் குடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் பொருளாளர் நம் திருச்சிப் பையன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "மாமா, முப்பத்தைந்து பர்சென்ட் மிச்சம், கண்ணால பார்த்தாச்சே!" என்றான்.

"டீசலைப் பார்த்தாய், கேஸைப் பார்த்தாயா?" என்று கேட்டேன். பழைய பேப்பர்க்காரரிடம் தராசை இரவல் வாங்கி, ஓட்டுவதற்கு முன்னாலேயே நான்கு சிலிண்டர்களையும் நிறுத்து வைத்திருந்தேன். முடிந்த பிறகு மறுபடி நிறுத்தோம். ஐந்து கிலோ இருநூறு கிராம் குறைந்திருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 46 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசல் தருவது சுமார் 36. ஆக, எரிந்து போன கேஸ் ஆறரை லிட்டர் டீசலுக்குச் சமம். மிச்சமானதோ ஆறு லிட்டர். மிச்சம் என்று நாம் கை தட்டியது மிச்சமே அல்ல. ஒரு பாக்கெட்டிலிருந்து எடுத்து இன்னொரு பாக்கெட்டில் போட்டது. அதிலும் கொஞ்சம் கீழே சிந்திவிட்டது. சிந்தியதற்கும் காரணம் உண்டு. லோடு குறைவாக இருக்கும்போது காற்றோடு கலக்கும் கேஸ் மிகவும் நீர்த்துப் போய், ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும்.

பணக்கணக்கு என்ன? நீல நிற வணிக சிலிண்டர் விலையில் பார்த்தால் மணிக்கு நூறு ரூபாய்கூட மிச்சமில்லை. மாதம் பத்து மணி நேரம் ஓடும் எங்கள் ஜெனரேட்டரில் கருவியின் விலை திரும்பி வரவே எட்டு ஒன்பது வருஷம் ஆகும். மெக்கானிக் கொண்டு வந்ததோ சிவப்பு சிலிண்டர், நம் வீட்டு அடுப்புக்கு வருவது. அந்த விலையில்தான் மிச்சம் இரட்டிப்பாகத் தெரியும். வீட்டு சிலிண்டரை இப்படி வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டு எல்.பி.ஜி. கட்டுப்பாட்டு உத்தரவுப்படி குற்றம். ஆக, லாபம் இன்ஜினிலிருந்து வரவில்லை; சட்டத்தை ஏய்ப்பதிலிருந்து வருகிறது.

சக்தி கூடும் என்றாரே, அது பொய்யா? பொய்யில்லை. டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு மேல் காற்றை உறிஞ்சும். அந்த உபரிக் காற்றில் கேஸையும் கலந்தால், டீசல் தீப்பற்றும்போது அதுவும் சேர்ந்து எரியும். சக்தி கூடத்தான் செய்யும். ஆனால் இவ்வளவுக்கு மேல் எரிபொருள் போகக் கூடாது என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பது பிஸ்டனையும் வால்வையும் காப்பாற்றத்தான். கேஸ் அந்த வரம்புக்குப் பின்வாசல் வழியாக நுழைகிறது. லோடு ஏறும்போது கேஸ் தானாகவே வெடித்து எரிய ஆரம்பித்தால் சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்கும். சில மாதங்களில் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் செலவு வைக்கும். இன்னொன்று: லிஃப்ட் நின்று லோடு திடீரென்று இறங்கினால், கவர்னர் டீசலைக் குறைக்கும். இந்த மலிவுக் கருவியில் கேஸைக் குறைக்க அதற்கு அதிகாரம் கிடையாது. இன்ஜின் வேகம் எகிறினால் யார் பொறுப்பு?

ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது இதனாலெல்லாம் அல்ல. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் போலப் பள்ளத்தை நோக்கி ஓடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். எங்கள் ஜெனரேட்டர் இருப்பது பேஸ்மெண்டுக்கு இறங்கும் சரிவின் தலைமாட்டில். கீழே கார்கள், ஸ்கூட்டர்கள், ஓரமாக வாட்ச்மேன் குடும்பம் படுக்கும் அறை. அவர் மனைவி அங்கேதான் அடுப்பு மூட்டுகிறாள். அன்று ஒரு மணி நேரத்திலேயே சிலிண்டர்களின் அடிப்பக்கம் ஜில்லென்று வியர்த்துவிட்டது. ஜனவரிக் குளிரில் கேஸ் சரியாக எழும்பாது. யாராவது வெந்நீர் ஊற்றுவார்கள், அல்லது பக்கத்தில் தீ மூட்டுவார்கள். இதைச் சொன்னபோதுதான் கூட்டம் அமைதியானது.

இரட்டை எரிபொருளே தவறு என்று நான் சொல்லவில்லை. 2015 ஜனவரியில் நம் ரயில்வேயே ரேவாரி – ரோத்தக் பாதையில் 1400 குதிரைச் சக்தி இன்ஜினில் டீசலோடு சி.என்.ஜி. கலந்து ஓடும் ரயிலை விட்டது. அது ஏட்டில் வரைந்து, சோதித்து, பாதுகாப்பு வால்வுகளோடு செய்தது. 2023 அக்டோபரிலிருந்து டில்லியிலும் சுற்றுப்புற நகரங்களிலும் எங்களுடையது போன்ற ஜெனரேட்டர்களில் எழுபது பங்கு வாயு, முப்பது பங்கு டீசல் என்று ஓட்டும் முறை வேண்டுமென்று காற்றுத்தர ஆணையம் சொல்லியிருப்பதும் சரிதான். அதன் நோக்கம் நம் குழந்தைகளின் மூச்சு. அதற்கு அங்கீகாரம் பெற்ற கருவியும், குழாய் வழி வரும் இயற்கை வாயுவும் இருக்கின்றன. இயற்கை வாயு காற்றைவிட லேசானது. திறந்த வெளியில் கசிந்தால் மேலே போய்விடும். செலவு கூடுதல்தான். அதைச் செலவு என்றே சொல்லி வசூலிப்போம். லாபம் என்று சொல்லி ஏமாற வேண்டாம்.

எங்கள் குழு அந்த வழிக்கே மனுப் போட முடிவு செய்திருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் ஏறியதில் சிலருக்கு என்மேல் வருத்தம். இருக்கட்டும். பொருளாளர் தம்பி மட்டும் மறுநாள் வந்து, "மாமா, அந்தக் கணக்கை ஒரு தடவை எழுதிக் கொடுங்க" என்றான்.

நம்மவர்கள் பலர் இதேபோன்ற குடியிருப்புகளில் செயற்குழுவில் இருக்கிறீர்கள். சிலர் சொந்தமாக டெம்போவும் லாரியும் வைத்திருக்கிறீர்கள். உங்களிடமும் யாராவது வருவார்கள். வந்தால் டீசலை மட்டும் அளக்காதீர்கள்; சிலிண்டரையும் நிறுங்கள். அது என்ன நிறம் என்று பாருங்கள். பிறகு, அது இருக்கும் இடத்துக்குக் கீழே யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று ஒரு முறை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்.