தமிழில் அனுப்பும் மனுவுக்குத் தமிழிலேயே பதில்: எல்லையோர டிஜிட்டல் கல்வி பற்றி எங்கள் நிலைப்பாடு

2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 83 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் கணக்கெடுத்து, பயிற்சி தேவைப்பட்ட சுமார் 21.88 லட்சம் பேரை அடையாளம் கண்டார்கள். தன்னார்வலர்கள் வீடு தேடிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த உழைப்பை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பாலக்காடு, இடுக்கி எல்லையோரத் தமிழர்களைப் பொறுத்தவரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

மூணாறு, வண்டிப்பெரியார் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வசிக்கும், கொழுந்தெடுக்கும் அம்மா, வெளியூரில் இருக்கும் மகளோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசிவிடுவார். சம்பளம் ஏறியதாக வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் செய்தி வந்தால், போனைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் நீட்டுவார். எவ்வளவு பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனால், ஓடிபியைக்கூட அடுத்தவரிடம் வாசிக்கக் கொடுக்கிறார். ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் பால் பணத்தை வங்கியில் வாங்கும் குடும்பங்களிலும் இதே நிலைதான்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்கிறது. காகிதத்தில் எழுதிய மனுவுக்கு இருக்கும் இந்த உரிமை, கைபேசியில் அனுப்பும் மனுவுக்கும் இருந்தாக வேண்டும். மாநில அரசின் செயலிகளும் இணையதளங்களும் தமிழிலும் திறக்க வேண்டும். தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் தாலுகாக்களின் அட்சயா இ-சேவை மையங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

இது மொழிப் பற்று மட்டுமல்ல, வருமானக் கணக்கும்கூட. ஏலக்காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மின்னணு ஏலத்தில் விற்கிறது. அன்றைய உச்ச விலையையும் சராசரி விலையையும் ஸ்பைசஸ் போர்டு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதைத் தானே பார்க்கத் தெரிந்த சிறு விவசாயி, கடைக்காரர் சொல்லும் விலைக்கு மூட்டையை இறக்கிவிட்டு வர மாட்டார், பேரம் பேசுவார். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வைத்து நேரடியாக விற்கவும் இதே திறன்தான் வேண்டும்.

2023 ஜூனில் தொடங்கிய மாநில அரசின் கே-ஃபோன் இணைய இணைப்பு லயங்களுக்கும் ஆதிவாசிக் குடிகளுக்கும் முன்னுரிமையோடு போய்ச் சேர வேண்டும். ரேஞ்ச் தேடி மேடு ஏறுபவரிடம் பயிற்சிச் சான்றிதழைக் கொடுத்துப் பயனில்லை. அடுத்த டிஜிட்டல் எழுத்தறிவு மதிப்பீட்டின்போது எல்லையோரத் தமிழர்களிடம் கேள்விகளைத் தமிழில் கேளுங்கள். சம்பளச் செய்தியைத் தானே படித்துப் பிடித்தத்தைச் சரிபார்க்க முடிகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வியாக இருக்கட்டும்.