நெசவாளர் பிள்ளையும் கணிப்பொறிக் கல்வியும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில், நம் சங்க அலுவலகங்களில் நூல் விலைக்கும் பயிர்க்கடனுக்கும் அடுத்தபடியாகப் பேசப்படுவது பிள்ளைகளின் மேற்படிப்பே ஆகும். கணிப்பொறிப் பொறியியல் படிக்க வேண்டும் என்று பிள்ளை கேட்கின்றது, பெற்றோர் ஐயுறுகின்றனர், நிர்வாகக் குழுவினரோ, "தறியை விட்டு இன்னும் ஒரு குடும்பம் போகின்றது" என்று பெருமூச்சு விடுகின்றனர். இப்பெருமூச்சு தேவைதானா என்பதைக் கூட்டுறவாளராகிய நாம் நிதானமாக எண்ணிப் பார்த்தல் நலம்.

தறிக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவு புதிதன்று. பிரான்சு நாட்டின் லியோன் நகரில் நெசவாளர் குடியிற் பிறந்த ஜக்கார்டு என்பார், 1804ஆம் ஆண்டில், தம் பெயரால் இன்றும் வழங்கும் பொறியை அமைத்தார். அட்டையில் துளை இருந்தால் பாவிழை எழும், இல்லையேல் எழாது. இவ்வளவே அதன் சூட்சுமம். 1830களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் வகுத்த கணக்கிடும் இயந்திரத்திற்குக் கட்டளையிட இந்த அட்டை முறையையே மேற்கொண்டார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பெற்ற ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றையும் அவர் போற்றி வைத்திருந்தார். அவ்வியந்திரம் முற்றுப்பெறவில்லை, ஆயினும் கருத்து அழியவில்லை. 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் தொகுக்க ஹோலரித் என்பார் துளை அட்டைகளையே கையாண்டார். ஆகவே, நெசவாளர் பிள்ளை கணிப்பொறி கற்கச் செல்வது அயலார் வீட்டுக்குள் நுழைவதன்று. தன் பாட்டன் வீட்டின் இரண்டாங்கட்டுக்குச் செல்வதேயாம்.

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றபோது, அங்கத்தினர் ஒருவரின் மகளோடு உரையாட நேர்ந்தது. அரசுப் பள்ளியிற் பயின்றவர். கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்திலேயே கணிப்பொறிப் பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். காரணம் வினவினோம். 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கல்லூரியின் புகழையோ, வேலைக்குப் பின் கிடைக்கும் சம்பளத்தையோ அவர் முதலிற் சொல்லவில்லை. "அதே வளாகத்தில், 1944இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் நெசவுத் தொழில்நுட்பமும் கற்பிக்கின்றார்கள், ஐயா. இரண்டு துறையாரையும் ஒரே இடத்தில் கேட்டறியலாம்" என்றார்.

அவர் கருத்தில் இருந்தது தந்தையின் அலைச்சல். பூவேலைச் சித்திரத்தைக் கட்டத்தாளில் வரைந்து, அட்டை அட்டையாகத் துளையிடும் வேலை இன்று பெரும்பாலும் கணிப்பொறிக்கு மாறிவிட்டது. மின்னணு ஜக்கார்டுக்கு அட்டையே வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சித்திரத்தை ஆக்கித் தருபவர் வெளியார். கூலி கொடுத்துக் காத்திருப்பவர் நெசவாளர். இன்று நமக்கு ஆக்கித் தந்த கரையை நாளை விசைத்தறி முதலாளிக்கும் அவர் தரக்கூடும். தறி நம்முடையது, சித்திரம் பிறருடையது என்னும் நிலை நீடித்தால், சங்கம் எதற்கு? இவ்வினாவை அந்தப் பெண் நமக்கு முன்னரே எழுப்பிக்கொண்டுவிட்டார்.

விவசாய அங்கத்தினர்க்கும் இது பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு ரூ.2,516 கோடித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் 63,000 சங்கங்கள் இலக்காயின. இயந்திரம் வருவது நன்றே. ஆனால் நகைக்கடனையும் பயிர்க்கடனையும், பாவு, ஊடை, சரிகை இருப்பையும் அறியாதார் வகுக்கும் மென்பொருளில், காரியதரிசி ஒரே கணக்கைப் பேரேட்டில் ஒரு முறையும் இயந்திரத்தில் ஒரு முறையும் எழுத நேரிடும். சங்கத்தின் நடைமுறையை வீட்டிலேயே கண்டு வளர்ந்த பொறியாளர் நமக்கு வேண்டும்.

"படித்தபின் அவர் திரும்பி வருவார் என்பது என்ன உறுதி?" என்று கேட்கலாம். உறுதி இல்லை. கூட்டுறவு என்பது மனமுவந்து சேர்வது, கட்டி வைப்பதன்று. கூலி போதாத தொழிலிற் பிள்ளையை நிறுத்தி வைத்து, அதனைக் குலத்தொழிற் காவல் என்று புகழ்வது முறையாகாது. தன்னை உயர்த்திய சங்கத்தை அவர் மறவாதிருக்க வேண்டுமாயின், முதலில் சங்கம் அவரை நினைத்திருக்க வேண்டும்.

அதே வேளையில் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. கணிப்பொறி என்ற சொல்லைக் கண்டமட்டில் மயங்கி, தறியையும் நிலத்தையும் விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்க வேண்டா. ஆசிரியர் எத்தனை பேர், ஆய்வுக்கூடம் எத்தகையது, தேர்ச்சி விழுக்காடு என்ன என்று விசாரித்தறிக. கிண்டியில் இடம் கிட்டாவிடில் கோவை, சேலம், ஈரோடு, பர்கூர் ஆகிய ஊர்களில் அரசுப் பொறியியற் கல்லூரிகள் உள்ளன. 2021ஆம் ஆண்டின் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அவ்வகையிற் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கின்றது. இதனை அறியாமலே தனியாரிடம் கடன்பட்ட அங்கத்தினர் சிலரை நாம் கண்டதுண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கவை மூன்று. கலந்தாய்வு நாட்களில் விண்ணப்பிக்கத் தெரியாத குடும்பத்தார்க்குச் சங்க அலுவலகத்தின் கணிப்பொறியையும் ஊழியரையும் உதவியாக அளிக்கலாம். சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில், பொது நல நிதியிலிருந்து புத்தகத்திற்கும் விடுதிச் செலவிற்கும் சிறு தொகை ஒதுக்கலாம். விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவரை அழைத்து, நம் இருப்புக் கணக்கையும் சித்திரத் தேவையையும் காட்டி, அவர்தம் கல்விக்கு அதனையே பயிற்சியாக்கலாம். மூன்றாவதற்குப் பணமே வேண்டியதில்லை. மனம் இருந்தாற் போதும்.

பிள்ளை ஏன் படிக்க விரும்புகின்றது என்று கேட்காமலே "ஆகட்டும்" என்பதும் "ஆகாது" என்பதும் ஒன்றே. அடுத்த பொதுக்குழுவில் இப்பொருளை நிகழ்ச்சி நிரலிற் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகின்றோம்.