‘நம்ம பையன்’ யார்?

திருப்பூரில் திரும்பிய பக்கமெல்லாம் பலகை தொங்குகிறது: ‘டைலர், ஓவர்லாக், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை’. ஆள் இல்லை என்று அழுது, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டு வருகிறார்கள். ‘எங்க கம்பெனில சாதியெல்லாம் பாக்கறதில்லீங்க, வேல தெரிஞ்சாப் போதும்’ என்கிறார்கள்.

சரி. மிஷினில் உட்காரவைக்கும்போது பார்க்கவில்லை. சூப்பர்வைசர் ஆக்கும்போது? கணக்கு எழுத, ஸ்டோர் சாவியைக் கொடுக்க ஆள் எடுக்கும்போது? அந்த வேலைகளுக்குப் பலகை தொங்குவதில்லை. ‘நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்’ என்று ஒரு போன், அவ்வளவுதான். அந்த ‘நம்ம’வுக்குள் அருந்ததியர் தெருப் பையன் என்றைக்கு வந்தான்? ஆயிரம் மைல் தாண்டி ஆள் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பக்கத்துச் சேரியில் பட்டம் படித்தவன் மட்டும் கண்ணில் படமாட்டான்.

இது பழைய கதை. பம்பாய் மில்களில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். எச்சில் பட்டால் தீட்டாம்! 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைக் கேள்வியாக்கினார். இன்று எச்சில் பேச்சில்லை. ‘அறிமுகம் வேணுங்க’ என்கிறார்கள்.

‘நாங்களும் மிஷின்ல உக்காந்து உழைச்சுத்தான் மொதலாளி ஆனோம்’ என்பார்கள். பலர் அப்படித்தான் வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பங்கு சேர்த்தது யார்? கடனுக்குக் கையெழுத்துப் போட்டது யார்? முதல் ஜாப் ஒர்க் கொடுத்தது யார்? மாமன் மச்சான். உழைப்பு எங்களிடமும் இருந்தது. அந்த மாமன் மச்சான்தான் இல்லை.

பெயரே போதும், கதவைச் சாத்த. ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு என்று தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்து, சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் எழுதினார்கள்: தலித் பெயருக்கு அழைப்பு குறைவு.

சட்டம்? 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் வேலையில் அது அரசு வாசலோடு நின்றுவிடுகிறது. கம்பெனிச் சுவரில் மாட்டும் எஸ்.ஏ. 8000 சான்றிதழின் விதிகளில், பாகுபாடு கூடாது என்ற இடத்தில் ‘சாதி’ என்ற சொல்லே இருக்கிறது. ஆடிட்டுக்கு வருகிறவன் தீயணைப்பான் எத்தனை என்று எண்ணுகிறான். சூப்பர்வைசர் நாற்காலியில் யார் என்று எண்ணுவதில்லை.

நாங்கள் கேட்பது தர்மம் அல்ல. சூப்பர்வைசர் வேலைக்கும் பலகை தொங்கட்டும், அது சேரி முக்கிலும் தொங்கட்டும். தகுதி என்ன, சம்பளம் என்ன என்று எழுதிப் போடு. எடுத்தவர்களின் கணக்கைக் காட்டு. நூலுக்குக் கவுண்ட் பார்க்கிறாய், துணிக்கு ஜி.எஸ்.எம். பார்க்கிறாய், ரிஜெக்ட் பீஸை ஒன்றுவிடாமல் எண்ணுகிறாய். இதையும் எண்ணு. எண்ணிக் காட்டிவிட்டு அப்புறம் சொல், ‘சாதி பாக்கறதில்லீங்க’ என்று.