டாக்டரிடம் ஊரைச் சொல்லுங்கள்

நம்மவர் ஒருவருக்குச் சிறுநீரக மாற்று ஆபரேஷன் என்றால் வெளிமாநிலத் தமிழர்கள் சும்மா இருப்பதில்லை. நிதி திரட்டுகிறோம், ரத்தம் கொடுக்கிறோம், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு ஓடுகிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் நோயாளி எந்த மண்ணில் வளர்ந்தவர் என்பதை டாக்டரிடம் சொல்லத் தோன்றுவதில்லை. நிதியைப் போல் இதுவும் முக்கியம் என்பது என் கருத்து.

மாற்றிப் பொருத்திய உறுப்பை உடல் அந்நியமாகக் கருதி எதிர்க்கும். அதைத் தடுக்க, ஸ்டீராய்டு முதலான மருந்துகளால் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறார்கள். அடங்கிக் கிடந்த ஒட்டுண்ணிகளுக்கு அதுவே கொண்டாட்டம்.

ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்றொரு நுண்ணிய புழு. ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியே ஏறும். தொந்தரவு எதுவும் காட்டாமல் பல பத்தாண்டுகள் குடலில் குடியிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் பெருகி நுரையீரல்வரை பரவும். குடல் கிருமிகளையும் ரத்தத்தில் சேர்க்கும். உயிருக்கே ஆபத்து.

மும்பை அடுக்குமாடி முகவரியைப் பார்க்கும் டாக்டருக்கு, இவர் 40 வருடங்களுக்கு முன் வயல் வரப்பில் செருப்பில்லாமல் திரிந்தவர் என்று எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் கொடுக்க ஊரிலிருந்து வரும் அண்ணனோ அம்மாவோ, அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுப்போடு புழுவும் வந்துவிடலாம். ஒரே மலப் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையும் உண்டு. முன்கூட்டியே கண்டுபிடித்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் குணமாகக்கூடியதுதான்.

ஆபரேஷனுக்குப் பின் கவனிக்க வேண்டியது தண்ணீர். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய் நீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி கலந்து சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. திடகாத்திரமானவர்கள் தேறிவிடுவார்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களை அது லேசில் விடாது. குடிநீரில் கலக்கும் குளோரினுக்கு இது மசியாது. ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதித்த நீரில் சாகும். ஆகவே நோயாளிக்கு அன்போடு கடைச் சர்பத்தும் நறுக்கிய பழமும் வாங்கிப் போகாதீர்கள்.

"எல்லாம் டாக்டருக்குத் தெரியாதா?" என்று கேட்பார்கள். மருத்துவம் அவருக்குத் தெரியும். நம் பூர்வீகம் தெரியாது. அடுத்த முறை நிதி கொடுக்கப் போகும் அன்பர்கள், இந்த இரண்டு விஷயங்களையும் அந்தக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு வந்தால், கொடுத்த பணத்துக்குப் பலன் உண்டு.