பெயர் பொறித்த கருவி

தலையான பாவங்கள் ஏழனுள் செருக்கே முதலாவது என்பதை மறைக்கல்வி கற்ற சிறுவரும் அறிவர். புனித பெரிய கிரகோரியார் அதனை ஏனைய தீய நாட்டங்கள் அனைத்திற்கும் வேராகக் கண்டார். ஆகவே தன் உடைமையைப் பிறருக்குக் காட்டி மகிழும் ஒருவனைப் பற்றி நம் மறையுரைகள் சற்று விரைவாகவே தீர்ப்பெழுதி விடுவதுண்டு. வீடு, வாகனம், நகை என்ற வரிசையில் எதனையும் சேர்த்துக் கண்டிப்பது எளிது. எனினும் உடைமையால் வரும் பெருமை யாவும் ஒரே தன்மையதுதானா? ஐக்கிய அமெரிக்காவில் ஓர் இசைக்கருவியைச் சூழ வளர்ந்துள்ள பெருமையை எடுத்துக்கொண்டு இக்கேள்வியை ஆராய்வது பயனுடையது எனக் கருதுகின்றேன். அக்கருவி பெடல் ஸ்டீல் கிற்றார் எனப்படுவது.

கிற்றார் என்றவுடன் தோளில் வார் மாட்டி நின்று வாசிக்கும் கருவியே நம் நினைவுக்கு வரும். இதுவோ நான்கு கால்களில் நிற்கும் ஒடுங்கிய மேசை போன்றது. அதன்மேல் பெரும்பாலும் பத்துத் தந்திகள் கிடையாக நீண்டிருக்கும். வாசிப்பவர் அதன்முன் அமர்ந்து, வலக்கை விரல்களில் நகக்கவசங்கள் அணிந்து தந்திகளை மீட்டுவார். இடக்கையில் உருளை வடிவான உருக்குத் துண்டொன்றைப் பிடித்து அதனைத் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்ல விடுவார். ஸ்டீல் என்ற பெயர் அத்துண்டினால் வந்ததாகும். இம்முறை ஹவாய்த் தீவுகளிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஜோசப் கெகுகு என்ற இளைஞரே அதனைக் கண்டறிந்தவர் என்பர். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குப் பின் அவ்வொலி அமெரிக்கா முழுவதும் பரவிற்று. வான் ஷிப்லி வாசித்த ஹிந்தித் திரைப்பாடல்களை இசைத்தட்டில் கேட்ட மூத்த வாசகர்களுக்கு ஹவாயன் கிற்றாரின் அந்தக் குழைவு புதியதன்று.

பின்னர் அதனோடு மிதிகள் இணைந்தன. மிதியை அழுத்தினால் கருவியின் அடியிலுள்ள கம்பிகள் இழுபட்டு, குறித்த தந்தியின் சுருதி மாறும். 1954இல் வெளிவந்த ‘ஸ்லோலி’ என்ற வெப் பியர்ஸின் பாடலில், பட் ஐசக்ஸ் என்பவர் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தையே மிதியால் மாற்றிக் காட்டினார். ஒரு சுரம் அசையாமல் நிற்க, பக்கத்துச் சுரம் ஏங்குவது போல மெல்ல மேலேறி அதனோடு இணைந்தது. அதனைக் கேட்ட ஸ்டீல் கலைஞர்கள் தத்தம் கருவிகளுக்கும் மிதி பூட்ட விரைந்தனர்.

இக்கருவியைப் பழகுவது எளிதன்று. இரு கைகளும் போதா. இடப்பாதம் மிதிகளின்மேல் அசையும். வலப்பாதம் ஒலியளவை ஆளும் மிதியில் இருக்கும். முழங்கால்கள் இருமருங்கும் உள்ள நெம்புகோல்களைத் தள்ளும். சுரத்தானங்களைக் காட்டும் கோடுகள் தந்திகளின் கீழே வரையப்பட்டிருக்குமேயன்றி, விரலைத் தாங்கிச் சுருதியை நிலைநிறுத்தும் கட்டைகள் இல்லை. உருக்குத் துண்டு நூலளவு விலகினாலும் பிசகு கேட்கும். இரட்டைக் கழுத்துள்ள பழைய கருவியொன்று தன் பெட்டியோடு முப்பது கிலோவுக்கு மேல் நிறையுடையது. இத்தனை துன்பத்தையும் விரும்பி ஏற்றவர்கள் தம் கருவியை மெச்சிப் பேசும்போது, அப்பேச்சில் ஆண்டுக்கணக்கான உழைப்பும் கலந்திருக்கின்றது.

அவர்களது பெருமையில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்றுண்டு. கருவியின் முகப்பைக் காட்டிய பின், அதனைக் கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தையும் காட்டுவார்கள். மேடையில் யார் கண்ணிலும் படாத அந்த இடத்திலே கம்பிகளும் குறுக்கு அச்சுகளும் நெம்புகளும் வரிசையாய் மினுங்கும். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியிலுள்ள பொருளைக் காட்டுவோர் எவரும் அதனைக் கவிழ்த்துக் காட்டுவதில்லை.

கலிபோர்னியாவின் டவுனி நகரில் போல் பிக்ஸ்பி என்பவர் இருந்தார். மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டிகளிலும் இயந்திர வார்ப்பு வேலையிலும் தேர்ந்தவர். 1940களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டீல் கிற்றார்களை ஒவ்வொன்றாகக் கையாலேயே செய்து கொடுத்தார். 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்கு அவர் மிதிகளுடன் செய்த கருவி புகழ்பெற்றது. பிக்ஸ்பியின் கருவிகளில் ஒரு தனித்தன்மை உண்டு. செய்யச் சொன்னவரின் பெயரை முன்பக்கப் பலகையில் பெரிய எழுத்துகளில் பதித்துக் கொடுப்பார். இதைவிட வெளிப்படையான உடைமைப் பெருமை வேறென்ன இருக்க முடியும்?

பிக்ஸ்பி 1968இல் காலமானார். அவரிடம் பெயர் பதிப்பித்தவர்களுள் பெரும்பாலோரும் மறைந்துவிட்டனர். அக்கருவிகள் இன்று பெருந்தொகைக்குக் கைமாறுகின்றன. ஆனால் வாங்குபவர் பழைய பெயரைப் பெயர்த்தெடுத்துவிட்டுத் தம் பெயரைப் பதிப்பதில்லை. அவ்வாறு செய்தால் மதிப்புக் குறையும் என்பது ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. எனினும் அதன் விளைவைக் கவனியுங்கள். இறந்துபோன ஒருவரின் பெயர் கூட்டத்தாரை நோக்கியிருக்க, உயிரோடிருப்பவர் அதன்பின் அமர்ந்து வாசிக்கிறார். பணம் கொடுத்து வாங்கியவரே தம்மை இடைக்காலக் காவலராக அறிவித்துக்கொள்ளும் காட்சியாக அது அமைந்துவிடுகின்றது.

பழைமையைப் போற்றுவோருக்கும் புதுமையை நாடுவோருக்கும் இடையே இக்கருவி குறித்து ஓயாத வழக்கொன்று உண்டு. ஷாட் ஜாக்சன், படி எமன்ஸ் ஆகிய இருவரும் 1950களின் நடுப்பகுதியில் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய ஷோ-பட் கருவிகளை ஒரு சாரார் உயிரெனக் கொள்வர். கண்கள் போன்ற சிறு சுழிகள் நிறைந்த மேப்பிள் மரமும், சீட்டுக் கட்டின் சின்னங்கள் பதித்த கழுத்தும் அவற்றின் அடையாளங்கள். எமன்ஸ் பின்னர் அங்கிருந்து விலகி, ரொன் லாஷ்லி என்பவரோடு சேர்ந்து 1960களின் தொடக்கத்தில் வட கரோலினாவில் தம் பெயரிலேயே கருவிகளைச் செய்வித்தார். சுருதியை உயர்த்த இழுத்தும், தாழ்த்தத் தள்ளியும் இயங்கும் அதன் பொறிமுறையைச் சீர்செய்வதற்குப் பொறுமை வேண்டும். அதன் நாதத்துக்கு நிகரில்லை என்று சாதிப்போர் இன்றும் பலர். மறுபுறம், புதிய கருவிகளை வைத்திருப்போர் அவற்றின் இலகுவான நிறையையும் சுருதி தவறாமையையும் சுட்டுவர். இவற்றில் பக்கத்திலுள்ள திருகை ஒரு சிறு சாவியால் திருப்பியே ஒவ்வொரு மாற்றத்தையும் சரிசெய்துகொள்ளலாம். 2000களின் தொடக்கத்தில் கார்பன் இழையாலும் கருவிகள் வந்தன.

பழையன யாவும் பொன் என்பதும் உண்மையன்று. 1970களின் ஷோ-பட் கருவிகள் சிலவற்றில் மலிவான உலோகக் கலவையில் வார்த்த உறுப்புகள் நாளடைவில் முறிந்துபோவதை அவற்றின் உரிமையாளர்களே ஒத்துக்கொள்வர். புதியவற்றில் உயிரில்லை என்று கூறுவோரிடம் எனக்கு உடன்பாடில்லை. பிக்ஸ்பியின் கருவி 1948இல் எல்லாவற்றிலும் புதியதாகவே இருந்தது. எமன்ஸோ 1956 அளவில், ஐசக்ஸ் ஒரே மிதியில் கொண்டிருந்த மாற்றங்களை இரு மிதிகளாகப் பிரித்தவர். தாம் கூட்டாகத் தொடங்கிய நிறுவனத்தின் கருவியிலும் நிறைவு காணாமல் அடுத்ததைத் தேடியவர். 2015இல் மறைந்த அம்மனிதரின் பெயரைச் சொல்லியே புதுமையை இகழ்வது விந்தையானது.

இங்கே நம் தொல்காப்பியரை நாடுவது தகும். எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதத்தையும் ஒன்றாக வைத்த அவர், அது பிறக்கும் களங்களாகக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கைக் கூறுகிறார். உடைமை அப்பட்டியலில் இல்லை. செல்வத்தை அவர் உவகை பிறக்கும் களங்களுள் சேர்த்திருக்கிறார். நம் மொழியின் இந்த நுட்பம் வியப்பிற்குரியது. நல்லதொரு கருவி கைக்கு வந்தால் உவகை கொள்ளலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அதனைக் கற்றும் கொடுத்துமே பெருமிதம் கொள்ள இயலும். விடுதலைப்பயண நூலில் ஆண்டவர் பெசலேலுக்குப் பொன்னையும் மரத்தையும் கையாளும் திறமையைத் தம் ஆவியின் கொடையாகவே அளிக்கிறார். எனவே செய்நேர்த்தியை வியப்பது இறைப்பற்றுக்கு எதிரானதென யாரும் கொள்ள வேண்டியதில்லை.

கொடையைப் பற்றிப் பேசும்போது ஆபிரிக்க-அமெரிக்கக் கிறிஸ்தவர்களின் ஹவுஸ் ஒஃப் கோட் சபையைக் குறிப்பிடாதிருக்க முடியாது. 1903இல் மேரி மக்தலேனா டேட் என்னும் பெண்மணியால் தொடங்கப்பெற்ற பெந்தகோஸ்து மரபுச் சபை அது. 1930களில் ட்ரோமன் ஈசனும் அவருடைய தம்பி வில்லி ஈசனும் ஸ்டீல் கிற்றாரை அச்சபையின் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தனர். அங்கே ஆர்கனின் இடத்தை அது பெற்றது. மன்றாடும் குரலையும் அழுகையையும் ஆர்ப்பரிப்பையும் தந்திகளில் எழுப்பும் முறை அங்கே வளர்ந்தது. 1970களில் சக் கம்பெல் போன்றோர் மிதிகளுள்ள கருவியையும் சபைக்குள் கொணர்ந்தனர். கம்பெலுக்கு 2004இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. ஆனால் அதுவரையிலான பல பத்தாண்டுகளில் அவ்விசையை அச்சபைக்கு வெளியே அறிந்தவர் மிகச் சிலர். 1997இல் ஒலிப்பதிவாக வெளிவந்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. மூத்தவர் வாசிக்க, சிறுவர்கள் அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். நம் திருச்சபையும் வழிபாட்டில் குழாய் ஆர்கனுக்குச் சிறப்பிடம் தந்து, புனித பயன்பாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் 1963ஆம் ஆண்டின் சங்க ஏட்டிலே வாயில் திறந்து வைத்தது. தகுதி கருவியிடம் மட்டும் இருப்பதில்லை என்பதை அச்சபையின் அனுபவம் காட்டுகின்றது.

இத்தனையையும் சொல்லியபின், என் கவலையையும் சொல்ல வேண்டும். பழைய கருவிகளின் விலை ஏற ஏற, அவற்றை வாசிக்கத் தெரியாதவர்களும் முதலீடாக வாங்கி வைக்கத் தொடங்குகிறார்கள். மற்றக் கிற்றாரைச் சுவரில் மாட்டினாலாவது பார்ப்பதற்கு அழகு. பெட்டிக்குள் அடைபட்ட பெடல் ஸ்டீலுக்கு அதுவும் இல்லை. அச்சுகளில் எண்ணெய் பிசுபிசுத்து இறுகிப்போகும். மிதிகள் அசைய மறுக்கும். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனின் உவமையும், தாலந்தைப் புதைத்த பணியாளனின் உவமையும் இங்கே ஒன்றாகச் சந்திக்கின்றன. அதேவேளை, கற்க விரும்பும் இளைஞன் ஒருவன் நல்ல கருவிக்குப் பணமில்லாமல் மூன்று மிதிகள் மட்டுமுள்ள தொடக்கக் கருவியோடு போராடிக்கொண்டிருப்பான். அதனைச் சேகரிப்பவரின் குற்றம் எனச் சட்டம் கூறாது. ஆயினும் அவரது பெட்டியிலிருக்கும் மௌனத்தை எளிதாகக் கடந்து செல்ல எனக்கு இயலவில்லை.

வாசித்துப் பழகிய உரிமையாளர் தம் கருவியை விற்பதும் உண்டு. முதுமையால் விரல்கள் தளரும்போது பலரும் அதைச் செய்கிறார்கள். பணத்தைப் பெற்றவுடன் அவ்வலுவல் முடிந்துவிடாது. இன்னின்ன மிதி, இன்னின்ன நெம்புகோல் எந்தெந்தத் தந்தியை எவ்வளவு மாற்றும் என்ற அட்டவணையை எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவரைக் கருவியின்முன் அமரச் செய்து, அவரது உயரத்திற்கேற்பக் கால்களை நீட்டியோ குறைத்தோ வைக்க வேண்டும். பின்பு தாம் கீழே குனிந்து, இத்தனை ஆண்டுகளாகத் தம் முழங்கால்களுக்கு அளவாயிருந்த நெம்புகோல்களைத் தளர்த்தி, வந்தவரின் முழங்கால்களுக்குப் பொருந்தும்படி நகர்த்திப் பூட்ட வேண்டும்.