கூனலும் குணமாக்கும் கரங்களும்



பதினெட்டு வருஷமாகக் கூனியாயிருந்த ஸ்திரீயை இயேசுவானவர் தொட்டு நிமிர்த்தியதை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நம் சபைகளிலும் முதுகுவலியோடு அமர்ந்திருப்போர் அநேகர். மூட்டை சுமப்போர், தையல் இயந்திரத்தின்மேல் நாள் முழுதும் குனிந்திருப்போர், நெரிசலான ரயிலில் நின்றே வேலைக்குப் போய்வருவோர். இவர்களில் சிலர் கேட்கிறார்கள்: "பாஸ்டர், கையால் முதுகைச் சரிசெய்கிறவர்களிடம் போகலாமா? அது அவிசுவாசமாகாதா?"

நம் முதுகுத்தண்டில் அசையும் முள்ளெலும்புகள் 24. அவற்றின் இடையே மெத்தைபோன்ற தட்டுகள் உள்ளன. தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினாலும், பலருக்குச் சில மாதங்களில் அதை உடலே உறிஞ்சிக்கொள்கிறது. சாதாரண இடுப்புவலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. சிருஷ்டிகர் சரீரத்தில் வைத்த ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டிற்குக் கைகளால் துணைநிற்கலாம் என்று 1874-இல் அறிவித்தவர் அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். இவர் மெதடிஸ்து போதகர் ஒருவரின் குமாரன். 1864-இல் மூளைச்சவ்வு நோய்க்கு மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அவருடைய முறை ஆஸ்டியோபதி எனப்பட்டது. 1895-இல் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கிய டி. டி. பால்மரோ, மரித்துப்போன ஒரு மருத்துவரின் ஆவியிடமிருந்து அறிவு பெற்றதாக எழுதிவைத்தார். அக்கொள்கையை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் இறுகிய தசையை விரல்களால் மெல்லத் தளர்த்தி, மூட்டை அது தாங்குமளவுக்கே அசைத்துக்கொடுக்கும் பயிற்சிபெற்ற பிசியோதெரபிஸ்டிடம் செல்வதில் எந்தப் பாவமுமில்லை. அவர் விலகிய எலும்பைப் பிடித்து உட்கார வைப்பதில்லை. வலியும் பயமும் சற்றுக் குறைய, நீங்கள் மறுபடியும் நடமாடத் தொடங்குகிறீர்கள். மீதியைச் சரீரமே செய்கிறது. ஆகவே மிகுந்த அற்புதத்தை அங்கே எதிர்பாராதிருங்கள். நாட்கணக்கில் படுத்துக்கிடப்பதும் வேண்டாம், இயன்றவரை நடவுங்கள்.

சலூனில் முடிவெட்டியபின் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிக்க ஒருபோதும் இடங்கொடாதிருங்கள். கழுத்தின் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும். (ஜெபிக்கையில் தலையைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுகிற ஊழியரும் இதை நினைவில் கொள்வாராக! ஆவியானவருக்கு நம் புயபலம் தேவையில்லை.)

சில வலிகளில் எவருடைய கையும் முதுகில் படலாகாது. மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் கூடும் வலி ஆகியவை முதுகெலும்புக் காசநோயின் அறிகுறிகளாயிருக்கலாம். நம் தேசத்தில் அது அரிதன்று. அரசு மருத்துவமனைகளில் அதற்கு இலவசமாக மருந்து தருகிறார்கள். கால்கள் பலமிழந்தாலோ, தொடைகளுக்கிடையே உணர்ச்சி மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, தானாய்க் கழிந்தாலோ, உபவாச ஜெபம் முடியட்டுமென்று காத்திராமல் அந்த மணிநேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள், நாங்கள் அங்கே வந்து உங்களோடு ஜெபிப்போம்.