அடுப்பு வாங்குமுன் ஆறு கேள்விகள்



குளிர் தலைகாட்டினால் போதும், வீட்டை எப்படிச் சூடாக்குவது என்ற கேள்வி எங்களிடம் வந்துவிடும். இம்முறை கேட்டவர் ஸ்காபரோவில் அண்மையில் வீடு வாங்கிய ஒரு அண்ணர். “தம்பி, கடையிலை ஒரு பெலற் ஸ்ரோவ் கண்டனான். கண்ணாடிக்குள்ளை நெருப்பு எரியிறது பாக்க நல்ல வடிவு. காஸ் பில்லும் குறையுமாம். வாங்கலாமோ?” என்றார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

பெலற் என்பது மரத்தூளை இயந்திரத்தில் அழுத்திச் செய்த, பென்சில் தடிப்புள்ள சிறு துண்டுகள். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் மரத்தூள் அடுப்பு மூட்டியவர்களுக்கு இது விளங்கும். தகர வாளியின் நடுவே போத்தலை வைத்து, சுற்றிவரத் தூளை இறுக்கி இடித்து, போத்தலை உருவி எடுப்போம். இறுகிய தூள் ஆறுதலாக எரியும். இங்கே அந்த இறுக்கும் வேலையைத் தொழிற்சாலை செய்துவிடுகிறது. தொட்டியில் பெலற்றைக் கொட்டினால், மோட்டாரில் சுழலும் திருகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். ஒரு விசிறி புகையை வெளியே அனுப்பும். மற்றது சூட்டை அறைக்குள் ஊதும்.

நல்ல சாமான்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஏற்றதல்ல. வாங்குமுன் ஆறு கேள்விகளுக்கு விடை தேடுங்கள்.

முதலாவது, வீடு யாருடையது? வாடகை வீடென்றால் இந்த எண்ணத்தை விடுங்கள். சுவரைத் துளைத்துப் புகைக்குழாய் வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. ரொறன்ரோவில் வாடகை வீட்டைக் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டியது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். பலனில்லையென்றால் 311 இலக்கத்தில் நகரசபைக்கு முறையிடலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லுங்கள், தருவார்கள்.

இரண்டாவது, இப்போது எதனால் சூடாக்குகிறீர்கள்? ரொறன்ரோ வீடுகளில் பெரும்பாலானவற்றில் இயற்கை எரிவாயு ஃபேர்னஸ் இருக்கிறது. அதைவிடப் பெலற் மலிவாக இருக்குமென்று நம்பிச் செலவழிக்க வேண்டாம். நகரத்துக்கு வெளியே மின்சாரம், எண்ணெய் அல்லது புரொப்பேனில் சூடாக்குபவர்களுக்குத்தான் இலாபம் கிடைக்கக்கூடும். ஒரு கணக்கு: 18 கிலோ பை ஒன்று, 1500 வாற்ஸ் மின் ஹீற்றரை ஏறத்தாழ 45 மணித்தியாலம் போட்டால் வரும் சூட்டைத் தரும். உங்கள் ஹைட்ரோ பில்லையும் பையின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, எவ்வளவு இடத்துக்கு? ஃபேர்னஸின் சுடுகாற்று குழாய்வழியே எல்லா அறைக்கும் போகும். பெலற் அடுப்போ தானிருக்கும் அறையைத்தான் நன்றாகச் சூடாக்கும். பிள்ளைகள் படுக்கும் மேல்மாடி குளிர்ந்தே கிடக்கலாம். அதற்காகத் தேவைக்கு மிஞ்சிய பெரிய அடுப்பை வாங்கினால், அதை எப்போதும் குறைத்தே எரிக்க வேண்டிவரும், கரி படியும்.

நான்காவது, வேலை யார் செய்வது? கடுங்குளிரில் நாளுக்கு ஒரு பை, சிலவேளை இரண்டும் முடியும். அதைத் தூக்க வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், வருடம் ஒருமுறை புகைக்குழாயைத் துப்புரவாக்க வேண்டும். பைகளை ஈரம் படாமல் பலகையின் மேல் அடுக்குங்கள். நனைந்த பெலற் ஊதி மறுபடி மரத்தூளாகிவிடும். இரவு வேலையும் பகல் வேலையுமாக இருவரும் ஓடும் வீட்டில் இதையும் யோசியுங்கள்.

ஐந்தாவது, கரண்ட் போனால்? திருகுக்கும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகள் ஒரு கிழமைக்கு மேலும் இருட்டில் கிடந்தன. ஃபேர்னஸின் விசிறியும் நின்றுபோகும், பெலற் அடுப்பும் நின்றுபோகும். பற்றரி இணைப்பு இல்லாத அடுப்பை “கரண்ட் இல்லாட்டியும் எரியும்” என்று நம்பி வாங்காதீர்கள்.

ஆறாவது, யார் பூட்டுவது? தெரிந்த பொடியன் மலிவாகப் பூட்டித் தருவான் என்று விடவேண்டாம். ‘வெற்’ சான்றிதழ் பெற்றவரைப் பிடியுங்கள். நகரசபை அனுமதி பற்றியும் காப்புறுதி பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள். சொல்லாமல் பூட்டிய அடுப்பால் தீப்பிடித்தால் காப்புறுதிக் கொம்பனி கையை விரிக்கலாம். பழைய அடுப்பு வாங்கினால் சிஎஸ்ஏ அல்லது யூஎல்சி முத்திரைத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன், ஒரு விடயம். எரியும் எந்தப் பொருளிலும் புகை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஊரில் குசினிக்குப் புகைக்கூடும் திறந்த யன்னலும் இருந்தன. இங்கே குளிருக்காக எல்லாவற்றையும் இறுக்கி மூடுகிறோம். அந்த 2013 புயலில் கரி எரிக்கும் பார்பிக்கியூ அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். தீயணைப்புப் படைக்கு அழைப்புகள் குவிந்தன. 2008இல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் காஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டு, ஒரே குடும்பத்தில் நால்வர் இறந்தனர். காபன் மொனொக்சைட் மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. அந்த மரணங்களின் பின் வந்த சட்டத்தால், எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் வைப்பது 2014 முதல் கட்டாயமானது.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, சத்தி, தலைச்சுற்று வந்து, வெளியே போனதும் குறைகிறதா? காய்ச்சலென்று படுக்காதீர்கள். எல்லோரும் வெளியேறி 911ஐ அழையுங்கள். குளிர் தாங்காமல் சமையல் அவனைத் திறந்துவைத்துச் சூடாக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். பனி கொட்டிய காலையில் காருக்கு முன்னர், வெளிச்சுவரிலுள்ள ஃபேர்னஸ் குழாயின் வாயிலிருக்கும் பனியை அகற்றுங்கள்.

அண்ணர் ஆறு கேள்விக்கும் விடை பார்த்தார். அவருடையது காஸ் ஃபேர்னஸ் வீடு. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். “அப்ப அடுப்பு வேண்டாம். ஆனா எங்கடை வீட்டு அலாரம் எத்தினை வருசம் பழசெண்டு தெரியேல்லை” என்றார். ஏறிப் பார்க்கச் சொன்னேன். அதில் அச்சிட்டிருந்த காலம் எப்போதோ கடந்துவிட்டது. அன்று பின்னேரமே புதிது பூட்டினார்.

உங்கள் வீட்டு அலாரத்தையும் இன்றிரவு ஒருமுறை பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.